உலர் வல்லாரையை இணையத்தின் வழியே விற்றல்

கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பகுதிகளிற் காலையிற் பறித்த வல்லாரை மாலைக்குள் வாடிவிடும். ஆதலால், சந்தையிற் கேட்ட விலைக்கே அதனைக் கொடுத்துவிட நேரிடுகின்றது. உலர்த்திப் பொதி செய்தால் அந்த அவசரம் இல்லை. முகநூல், வட்ஸ்அப் வழியாகத் தூரத்து ஊரவர்க்கும் விற்கலாம்.

உலர்த்தல்: இலைகளைக் கழுவி நீரை வடித்து, காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லியதாகப் பரப்புதல் வேண்டும். காம்பு வளையாது ஒடிவதே தக்க பதம். மழை நாளின் ஈரக்காற்றில் நிழல் மட்டும் போதாது. உலர்த்தும் பெட்டி தேவைப்படும். உலர்ந்ததைக் காற்றுப் புகாத உறையில் உடனே அடைக்க வேண்டும்.

விலை: 10 கிலோ பச்சை வல்லாரை உலர்ந்தபின் ஏறக்குறைய 1½ கிலோவே தேறும். ஆகவே, 10 கிலோவின் சந்தை விலை, கூலி, உறைச் செலவு, தபாற் செலவு ஆகியவற்றைக் கூட்டிய பின்னரே விலை குறித்தல் வேண்டும். இக்கணக்கைத் தவறவிட்டால் விற்பனை பெருகப் பெருக நட்டமும் பெருகும்.

படமும் சுட்டுத்துண்டும்: இணையத்தில் வாங்குபவர் பொருளைத் தொட்டோ முகர்ந்தோ பார்க்க இயலாது. எனவே, அனுப்பும் பொருளையே பகலொளியிற் படமெடுக்க வேண்டும். உறைமீது பொருளின் பெயர், நிகர நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை, உற்பத்தியாளரின் பெயர், முகவரி என்பன இருத்தல் வேண்டும். உணவாக விற்கும் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரஞ் செய்யலாகாது.

பூஞ்சணம் பிடித்த ஒரு பொதியைப் பெற்றவர் அதனைப் படமெடுத்துப் பலருக்குங் காட்டுவார். முதற் பொதியின் தரமே இரண்டாம் பொதியிலும் இருக்குமாயின், வாங்கியவரே பிறரை அழைத்து வருவார்.

பயிர்ச்செய்கை ஆலோசனைக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தை நாடலாம்.