பத்து விநாடி அவகாசம்

மராட்டி நாடகம் எதையாவது ஒன்று படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, விஜய் டெண்டுல்கரின் 'சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே' நாடகத்தைத்தான் முதலில் சொல்வேன். 'அமைதி! கோர்ட் நடக்கிறது' என்று பொருள். 1967-இல் மேடையேறியது. 1971-இல் சத்யதேவ் துபே படமாக எடுத்தார். இரண்டிலும் லீலா பேணாரேயாக நடித்தவர் சுலபா தேஷ்பாண்டே.

நாடகம் போட ஒரு சிற்றூருக்கு வந்த மும்பைக் குழுவினர், மாலைவரை பொழுதைப் போக்க விளையாட்டாக ஒரு வழக்கு நடத்துகிறார்கள். பள்ளி ஆசிரியை பேணாரேயைக் கூண்டில் நிறுத்தி, சிசுக்கொலைக் குற்றம் சாட்டுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விளையாட்டு வினையாகிறது. மணமாகாத அவள் கருவுற்றிருப்பது அம்பலமாகிறது. காரணமான பேராசிரியர் தாம்லே குடும்பஸ்தர், அதே குழுவைச் சேர்ந்தவர். அன்று அவர் வரவில்லை. கடைசிவரை மேடைக்கே வருவதில்லை. அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை!

பேணாரே அடக்க ஒடுக்கமான பெண் அல்லள். கலகலப்பாகப் பேசுவாள், கேலி செய்வாள். சொந்தச் சம்பாத்தியம் உண்டு, தன் வேலையில் பெருமையும் உண்டு. அதுவே மற்றவர்கள் கண்ணை உறுத்துகிறது. அவர்களுள் திருமதி காஷிகர் முக்கியமானவர். கணவர் நாலு பேர் முன்னால் அவரை வாய் திறக்க விடுவதில்லை, பிள்ளைப்பேறும் இல்லை. தமக்குக் கிடைக்காத சுதந்திரம் இன்னொருத்திக்கு இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமலே எல்லாம் கிடைத்துவிடும்போது கல்யாணம் எதற்கு என்று இடித்துப் பேசுகிறார். தப்பிக்கப் பார்ப்பவளைக் கூண்டுக்கு இழுத்து வருவதும் அவரே. ஆணாதிக்கம் ஆண்களால் மட்டும் நடப்பதில்லை என்பதை இந்த ஒரு பாத்திரம் காட்டிவிடுகிறது. நம் வீட்டு விசேஷங்களிலும் இவரைப் பார்த்திருப்போம்.

எதிர்வாதத்துக்கு நீதிபதி கொடுப்பது பத்து விநாடி. பேணாரே வாய் திறக்கவில்லை. உடனே மற்றவர்கள் சிலைகளாக உறைகிறார்கள். அவள் நீண்ட நேரம் மனம் திறந்து பேசுகிறாள். பதினான்கு வயதில் தாய்மாமன் ஏமாற்றியதையும் சொல்கிறாள். அந்தப் பேச்சு பார்வையாளர்களாகிய நமக்கு மட்டுமே கேட்கிறது. கோர்ட்டுக்கு அவள் எதுவும் பேசவே இல்லை. படிப்பு, வேலை, துணிச்சல் எல்லாம் இருந்தும் அவள் சொல்வதைக் கேட்க அங்கே காது இல்லை. பெண்ணுரிமை பேசுபவர்கள் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் படிப்பது இதனால்தான்.

தீர்ப்பில் இன்னொரு கொடுமை. சிசுக்கொலைக்காக விசாரித்த கோர்ட், அவள் வயிற்றிலுள்ள கருவை அழிக்கும்படி ஆணையிடுகிறது. பள்ளி வேலையும் போகப் போகிறது என்று தெரிகிறது. பிறகு, "வெறும் விளையாட்டுத்தானே" என்ற பாவனையில் எல்லோரும் மாலை நாடகத்துக்குத் தயாராகப் போய்விடுகிறார்கள். பேணாரே அசைவற்றுக் கிடக்கிறாள். உள்ளூர்க்காரனான சாமந்த் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, தான் வாங்கி வைத்திருந்த பச்சைத் துணிக்கிளியை அவள் அருகே வைத்துவிட்டுப் போகிறான்.