பாலில் கொழுப்பு குறைவது ஏன்?

பால் சேகரிக்கும் நிலையத்தில் கொழுப்பையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். "நாங்க ஒரு சொட்டு தண்ணியும் கலக்கல்லையே, பக்கத்து லயத்துக்காரருக்கு மட்டும் எப்படி கூடுதல் காசு?" என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். காரணத்தைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, இனம். பிரீசியன் பசு நிறையக் கறக்கும். ஆனால் கொழுப்பு ஏறத்தாழ 3.5 முதல் 4 வீதம்தான். அயர்ஷயர் பாலில் 4 வீதமளவில் இருக்கும். ஜேர்சி கறப்பது குறைவு. கொழுப்போ 5 வீதமளவுக்கு வரும்.

இரண்டாவது, வயது. ஈத்து கூடக்கூட கொழுப்பு சிறிது சிறிதாகக் குறையும். ஒரே ஈத்திலும் மாறும். கன்று போட்டு இரண்டு மாதமளவில் பால் கூடும், கொழுப்பு குறையும். பால் வற்றி வரும்போது கொழுப்பு திரும்ப ஏறும்.

இனத்தையும் வயதையும் நாம் மாற்ற முடியாது. கறப்பதும் தீனி போடுவதும் நம் கையில். முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு. கடைசிப் பாலில்தான் கூடுதல். பிரட்டுக்கு நேரமாச்சு என்று பாதியில் எழும்பினால் நட்டம் நமக்குத்தான். மடியில் மீதி வைக்காமல் கறந்துவிடுங்கள். கன்றுக்குரிய பங்குக்கு ஒரு காம்பை விட்டுவிடலாம். புண்ணாக்கு மட்டும் போதாது. வயிறு நிறையப் புல்லும் வேண்டும். புல் குறைந்தால் பாலில் கொழுப்பும் குறையும்.

அடுத்த முறை சிட்டையில் காசு குறைந்திருந்தால், ஆளை ஆள் சந்தேகப்படுமுன் பசுவின் இனத்தையும் அது கன்று போட்ட திகதியையும் பாருங்கள்.