பொட்டல ஆகாரங்களின் லேபிளை வாசிக்கும் முறை

விருதுநகர் ஜில்லாவின் மானாவாரி நிலங்களில் குதிரைவாலி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை, எள் முதலியவை விளைகின்றன. இவற்றை விளைவிக்கும் குடியானவர் மூட்டைக் கணக்கில் விற்றுவிட்டு, அதே தானியங்களையும் வித்துக்களையும் மாவாகவும், பிஸ்கோத்தாகவும், எண்ணெயாகவும் பொட்டலத்தில் திரும்ப வாங்குகிறார். அவர் மூட்டையை விற்கும்போது வியாபாரி ஈரம், கல், மண், சொத்தை ஆகிய அனைத்தையும் சோதித்த பின்னரே விலை கூறுகிறார். ஆனால் பொட்டலத்தை வாங்கும்போது நம்மில் பெரும்பாலோர் மேலுள்ள படத்தை மட்டுமே பார்க்கிறோம். விற்கும்போது பிறர் காட்டும் கண்டிப்பை வாங்கும்போது நாமும் காட்டுவதற்கு வேண்டிய சாதனம் பொட்டலத்தின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதை வாசிக்கும் முறையை இங்கு விவரிப்போம்.

1. முகப்பும் பின்புறமும்

லேபிள் என்பது இப்பகுதியாருக்குப் புதிதன்று. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்து வளர்ந்ததே சிவகாசியின் அச்சுத் தொழில். தீப்பெட்டியின் மேல் அச்சிட்ட மயிலோ, புலியோ உள்ளே உள்ள குச்சியின் தரத்தைச் சொல்லுவதில்லை என்பதைச் சிறுவரும் அறிவர். ஆகாரப் பொட்டலத்திற்கும் இதே நியாயம் பொருந்தும். முகப்பில் கதிரும் வயலும் வரைந்திருப்பது வாங்குவோரை அழைப்பதற்கு. சட்டப்படி சொல்லியாக வேண்டிய விவரங்களில் பெரும்பாலானவை சிறிய எழுத்தில் பின்புறத்திலோ பக்கத்திலோ இருக்கும்.

விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடுவதற்கு 1937-ஆம் ஆண்டிலேயே சட்டம் ஏற்பட்டது. அக்மார்க் முத்திரை அதன் பயனாகும். பொட்டல ஆகாரங்களுக்கு இப்போது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமும், லேபிள் பற்றிய 2020-ஆம் ஆண்டின் விதிகளும் ஆதாரமாக உள்ளன.

இதில் நமக்குள்ள பெரிய இடையூறு பாஷையே. கட்டாய விவரங்கள் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ இருந்தால் போதுமென்று விதி இருப்பதால், தமிழில் அச்சிடுவது உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிறது. ஆதலால் முக்கியமான இங்கிலீஷ் சொற்களும் அவற்றின் பொருளும் கீழே தரப்படுகின்றன.

2. சேர்மானப் பட்டியல்

முதலில் பார்க்க வேண்டியது "இன்கிரீடியன்ட்ஸ்" என்னும் தலைப்பாகும். சேர்க்கப்பட்ட பொருள்கள் எடையில் அதிகமானது முதலிலும், குறைவானது கடைசியிலுமாக இதில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். பெயர்களின் வரிசையே பண்டத்தின் சரக்கைக் காட்டிவிடும்.

சிறுதானியப் பிஸ்கோத்து என்று முகப்பில் எழுதிய பொட்டலத்தில் முதலில் கோதுமை மைதாவும், அடுத்துச் சர்க்கரையும், பின்னர்ப் பாமாயிலும் இருந்து, சிறுதானியம் அதற்குப் பின் வருமானால், அது மைதாப் பிஸ்கோத்தே. ஒரு சேர்மானத்தை முகப்பில் சிறப்பித்துச் சொன்னால் அது நூற்றுக்கு எவ்வளவு என்பதையும் லேபிளில் குறிக்க வேண்டுமென்பது விதி. அந்தச் சதவீதத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை பல பெயர்களில் வரும். லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்பனவும் சர்க்கரை வகைகளே. வெல்லத்தின் பெரும்பகுதியும் சர்க்கரையே. ஆகவே வெல்லம் சேர்த்தது என்னும் காரணத்தால் மட்டும் அளவைக் கவனியாது விடலாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பாலும் சர்க்கரையுமே சேர்மானம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டத்தின் பெயரால் விற்கும் பொட்டலத்தில் மூன்றாவதாக வேறு ஏதேனும் இருந்தால், அது என்னவென்று கேட்பது வாங்குவோரின் உரிமை.

3. சத்து அட்டவணை

"நியூட்ரிஷனல் இன்ஃபர்மேஷன்" என்னும் தலைப்பின் கீழ் உள்ள சொற்களின் பொருளாவது:

எனர்ஜி: உடல் பெறும் சக்தி, கிலோ காலரியில் குறிக்கப்படும்.
புரோட்டீன்: புரதம், உடலை வளர்ப்பது.
கார்போஹைட்ரேட்: மாவுச்சத்து, சர்க்கரை ஆகியவற்றின் மொத்தம்.
ஆடட் ஷுகர்ஸ்: தயாரிப்பில் தனியே சேர்த்த சர்க்கரை.
டோட்டல் ஃபேட்: மொத்தக் கொழுப்பு.
சாச்சுரேட்டட் ஃபேட்: நிறைவுற்ற கொழுப்பு, மிகுந்தால் இருதயத்துக்குக் கெடுதி.
டிரான்ஸ் ஃபேட்: எவ்வளவு குறைந்தாலும் நன்று என்னும் கொழுப்பு. எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது நூற்றுக்கு 2-க்கு மேற்படலாகாது என்பது 2022 ஜனவரி முதல் உள்ள வரம்பு.
சோடியம்: உப்பில் உள்ளது, மிகுந்தால் இரத்த அழுத்தம் உயரும். 400 மில்லிகிராம் சோடியம் சுமார் 1 கிராம் உப்புக்குச் சமம்.

லேபிளில் காணும் தினசரிச் சதவீதம், நாளொன்றுக்கு 2,000 கிலோ காலரி, கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம் என்னும் கணக்கைக் கொண்டது. இது வயது வந்தோருக்குரியது. சிறு குழந்தைக்கு இவ்வளவு ஆகாது.

4. ஒரு மாதிரிக் கணக்கு

75 கிராம் எடையுள்ள ஒரு பிஸ்கோத்துப் பொட்டலத்தில், 100 கிராமுக்கு எனர்ஜி 480 கிலோ காலரி, புரதம் 7 கிராம், கார்போஹைட்ரேட் 70 கிராம், சேர்த்த சர்க்கரை 22 கிராம், கொழுப்பு 19 கிராம், சோடியம் 400 மில்லிகிராம் என்று இருப்பதாகக் கொள்வோம். இது கணக்கு விளங்குவதற்காக அமைத்த மாதிரியே.

முதலாவது, லேபிள் சரியாக உள்ளதா என்று பார்க்கலாம். புரதமும் கார்போஹைட்ரேட்டும் கிராமுக்கு 4 கிலோ காலரியும், கொழுப்பு 9 கிலோ காலரியும் தரும். 7-க்கு 28, 70-க்கு 280, 19-க்கு 171. ஆகக் கூடுதல் 479. லேபிளில் கண்ட 480-க்கு இது ஒத்திருக்கிறது. பெரிதும் வேறுபட்டால் சந்தேகத்துக்கு இடமுண்டு.

இரண்டாவது, "பர் சர்வ்" என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வேளைக்கு 25 கிராம் என்று லேபிள் சொன்னால், சேர்த்த சர்க்கரை 5.5 கிராம், அதாவது தினசரி அளவில் நூற்றுக்கு 11 மட்டுமே என்று காட்டும். பார்ப்பதற்கு இது சொற்பமாய்த் தோன்றும். ஆனால் பொட்டலத்தைப் பிரித்த குழந்தை 25 கிராமோடு நிறுத்துவதில்லை. முழுப் பொட்டலத்துக்கும் சர்க்கரை 16.5 கிராம், அதாவது நூற்றுக்கு 33 ஆகிறது. புரதமோ 5 கிராமுக்குச் சற்று அதிகமே. நம் தோட்டத்து நிலக்கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. ஒரு பிடி வறுத்த கடலை பொட்டலத்துக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. எனினும் கடலை ஒவ்வாத குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுக்காகவே "கன்டெய்ன்ஸ்" என்று தொடங்கும் எச்சரிக்கை வரி லேபிளில் இடப்படுகிறது.

இரண்டு பொட்டலங்களை ஒப்பிடும்போது 100 கிராம் பத்தியையே ஒப்பிட வேண்டும். ஒரு வேளை அளவு பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத மிகச் சிறிய பொட்டலங்களுக்கு அட்டவணையிலிருந்து விலக்கு உண்டு. பள்ளிக்கூட வாசலில் விற்கும் சிறு பொட்டலத்தில் அட்டவணை இல்லாவிட்டால், அப்பண்டத்தின் பெரிய பொட்டலத்தில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

5. எண்ணெய் வாங்கும்போது

தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் இருப்பதில்லை. எனவே "கொலஸ்டிரால் இல்லை" என்னும் வாசகம் ஓர் எண்ணெயை மற்றொன்றினும் சிறந்ததாக்காது. "பிளெண்டெட்" என்றிருந்தால் அது கலப்பெண்ணெய். எந்த எண்ணெய் நூற்றுக்கு எவ்வளவு என்று அதில் குறித்திருக்க வேண்டும். விளக்கேற்றுவதற்கென்று விற்கும் எண்ணெய் சமையலுக்கு உதவாது. விலை குறைவென்று அதை அடுப்படிக்குக் கொண்டுவரலாகாது.

6. பொட்டலமிட்டு விற்கும் விவசாயிகளுக்கு

குதிரைவாலி அரிசி, சத்துமாவு, செக்கு எண்ணெய் முதலியவற்றைத் தாமே கட்டி விற்கும் விவசாயிகளும் சங்கங்களும் இவ்விதிகளுக்கு உட்பட்டவர்களே. 14 இலக்கங்கள் கொண்ட பதிவு அல்லது லைசென்ஸ் எண், நிகர எடை, தயாரித்த தேதி, உபயோகிக்கத்தக்க கடைசித் தேதி, தயாரிப்பாளர் விலாசம் ஆகியவை தவறலாகாது. பிறருடைய லேபிளிலுள்ள சத்து எண்களைப் பார்த்தெழுதுவது அறவே கூடாது. சிவகாசி அச்சகத்தார் நாம் கொடுக்கும் வாசகத்தை அழகாக அச்சிட்டுத் தருவர். அதன் உண்மைக்குப் பொறுப்பு பண்டத்தைக் கட்டி விற்பவருடையதே.

7. கிராம அதிகாரிகள் செய்யக்கூடியவை

மேற்கண்ட சொற்பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி ஊராட்சி அலுவலகம், நூல்நிலையம், ரேஷன் கடை ஆகிய இடங்களில் ஒட்டிவைக்கலாம். தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குப் போகும் தாய்மார் பலர், சமைக்க நேரமின்றிக் குழந்தை கையில் பொட்டலத்துக்குக் காசு கொடுத்துச் செல்லும் கிராமங்களில் இது மிகவும் அவசியம். பள்ளி மாணவரைக் கொண்டு வாரம் ஒரு பொட்டலத்தின் லேபிளை உரக்க வாசிக்கச் செய்தால், பெற்றோரும் விரைவில் கற்றுக்கொள்வர். பதிவு எண்ணோ தேதியோ இல்லாத பொட்டலங்கள் கடையில் காணப்பட்டால், வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கோ, ஜில்லா நியமன அலுவலருக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவிக்கும்போது பொட்டலத்தின் உறையைக் கிழிக்காமல் பத்திரப்படுத்தி வைத்தல் நலம். தயாரித்தவரைக் கண்டறிவதற்கு அதுவே முதல் சாட்சி.