குரூப் எடுக்கப் போகும் மகளுக்கு

தியாகதுருகம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று உன் அப்பா போன் செய்தான். மார்க்கைச் சொன்ன கையோடு, "அண்ணே, எந்த குரூப் போடலாம்?" என்றான். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். "நீங்க சொல்றதுதான் பெரியப்பா" என்றாய். இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்கப் போகிறவள் நீ. உனக்கென்று ஒரு எண்ணம் இருந்தாக வேண்டும். அந்த எண்ணம் வருவதற்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

உங்கள் கிராமத்துப் பள்ளி பத்தோடு முடிந்துவிடுகிறது. நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று உன் மாமா சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அது வேண்டாம். நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கானது. அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று அதை விரித்துவிட்டார்கள். கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் இருக்கிறது. லட்சக்கணக்கில் பணம் கட்டி அந்த விடுதிப் பள்ளிக்குப் போனால் இவ்வளவும் கையைவிட்டுப் போகும். நம் தியாகதுருகத்து அரசு மேல்நிலைப் பள்ளியே உனக்குப் போதும்.

இனி குரூப். எதை எடுத்தால் எதற்குப் போகலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொறியியலுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். டாக்டருக்கு உயிரியல் வேண்டும். இரண்டையும் விட மனமில்லாதவர்கள் பயாலஜியும் கணக்கும் சேர்ந்த குரூப்பை எடுக்கிறார்கள். அதில் பாரம் அதிகம். ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப் படித்தவரும் போகலாம். சி.ஏ.வுக்கும் அப்படித்தான், காமர்ஸ் படித்திருந்தால் கொஞ்சம் சுலபம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதப் போனால் பிளஸ் டூவில் என்ன குரூப் என்று யாரும் கேட்கப் போவதில்லை. இதைச் சொல்லக் காரணம், ஒரு குரூப்பை விட்டால் வாழ்க்கையே போய்விடும் என்று உன்னைப் பயமுறுத்த நாலு பேர் வருவார்கள்.

எனக்கு மனசு பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. மார்க் அதிகம் எடுத்தவளை அறிவியலில் போடு, குறைந்தவளைக் காமர்ஸில் போடு, அதற்கும் கீழே என்றால் வரலாறு, எங்கேயும் இடம் இல்லாதவளுக்குத் தொழிற்பிரிவு என்று பிள்ளைகளைப் படிப்படியாக இறக்குகிறார்களே, அதுதான். பாடப்பிரிவுகளை ஏற்படுத்தியவர்கள் அப்படி நினைக்கவே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் ஒரு கல்விக்குழு அமைத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஏட்டுப்படிப்பைப் படிக்க வேண்டியதில்லை என்று அந்தக் குழு சொன்னது. கலைப்பாடம், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்று ஏழு பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. பல பிரிவுகள் ஒரே பள்ளிக்குள் இருக்கும் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது.

அந்தக் குழுவில் ஓர் ஆங்கிலேயரும் ஓர் அமெரிக்கரும் உறுப்பினர்களாக இருந்தார்கள். அப்போது அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன. ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் கணிதத் துறை, அறிவியல் துறை, ஆங்கிலத் துறை. இன்னொரு பக்கம் மரவேலைப் பட்டறை, தட்டச்சு அறை, சமையற்கூடம், வேளாண்மை வகுப்பு. வக்கீல் மகனும் விவசாயி மகனும் ஒரே வாசலில் நுழைந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளைத் தென் மாநிலங்களில் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1954-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்த பிறகும் பல வருஷம் அது ஓயவில்லை.

தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. நான் வேலை பார்த்தது அதில்தான், வேளாண் ஆசிரியராக. மண் மாதிரி எடுக்கப் பிள்ளைகளைக் கரும்புக் கொல்லைக்கு அழைத்துப் போவேன். மேலே கிடக்கும் தோகையையும் சருகையும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில வி எழுத்தைப் போலக் குழி வெட்ட வேண்டும். நெல்லுக்கும் கம்புக்கும் ஆறு அங்குல ஆழம் போதும். கரும்புக்கும் மரவள்ளிக்கும் ஒன்பது அங்குலம். குழியின் சரிவில் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். கொல்லையில் பல இடத்தில் எடுத்ததை ஒன்றாகக் கலந்து பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நாலு பங்காக்கி, அரை கிலோ வரும் வரை இதையே செய்ய வேண்டும். வரப்போரத்திலும் எருக்குவியல் கிடந்த இடத்திலும் எடுக்கக் கூடாது. ஏன் கூடாது என்று ஒரு பிள்ளை யோசித்துப் பதில் சொல்லிவிட்டால், மாதிரி எடுப்பது என்றால் என்ன என்பது அதற்குப் புரிந்துவிட்டது என்று பொருள். புள்ளியியல் படிக்கிறவர்களுக்கும் அதுதான் முதல் பாடம். இதைப் படிப்பு வராதவர்களின் பாடம் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? வேளாண் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குத் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு.

உன்னை வேளாண்மை எடுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. எந்த வேலையைச் செய்தால் உனக்கு நேரம் போவது தெரியவில்லை என்று பார், அதற்குரிய பிரிவை எடு. வீட்டுக் கணக்கு நோட்டை நீதான் எழுதுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது என்று நான் சொன்னபோது, அதற்கப்புறம் அங்கே நிலம் யாருக்குப் போனது என்று நீ விடாமல் கேட்டாய். உன்னைப் பற்றி மார்க் ஷீட் சொல்லாதவை இவை. நம் தியாகதுருகத்துக் கோட்டைமலைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்டதையும், ஹைதர் அலி காலத்தையும் படிக்க நினைக்கிற ஒருத்தி வரலாறு எடுத்தால் அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னொன்றை நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அறிவுரை சொல்ல வருகிற முக்கால்வாசிப் பேர் இதைத் தொடவே மாட்டார்கள். பிளஸ் ஒன்னில் பிரிவு பிரித்த நாளோடு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பதே நின்றுபோகிறது. அறிவியல் பிள்ளைகள் ஒரு கட்டடம், காமர்ஸ் ஒரு கட்டடம். இரண்டு வருஷம் ஒரே பள்ளியில் இருந்தும் பேர் தெரியாமல் போய்விடுகிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் அமெரிக்கப் பள்ளிகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து 1959-இல் ஒரு புத்தகம் எழுதினார். எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் கலந்து உட்காரும் ஒரு வகுப்பு இருக்க வேண்டும் என்று அதில் அழுத்திச் சொன்னார். 250 முதல் 300 பிள்ளைகளுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும் என்றும் சொன்னார். உனக்கு அப்படி ஓர் ஆலோசகர் கிடைக்க மாட்டார். கலந்து உட்கார ஓர் இடம் மட்டும் நம் பள்ளியில் இருக்கிறது. இலக்கிய மன்றம், நாட்டு நலப்பணித் திட்டம், பசுமைப்படை, கலைத் திருவிழா, மைதானம் எல்லாம் அதுதான்.

"பிளஸ் டூவில் இதெல்லாம் எதுக்கு, படிக்கிற நேரம் கெட்டுப்போகும்" என்பார்கள். விட்டுக்கொடுக்காதே. அகமதிப்பீட்டில் இவற்றுக்கு ஏதோ மதிப்பெண் உண்டு. அதற்காகச் சேராதே. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் காந்தி நூற்றாண்டில் கல்லூரிகளில் தொடங்கியது, பிறகு மேல்நிலைப் பள்ளிக்கு வந்தது. அதில் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று நடக்கும். நான் கூடப் போன முகாம்களில் பார்த்திருக்கிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கும் பொறுப்பைக் காமர்ஸ் பிள்ளைகளிடம் விட்டால் பில்லைச் சேர்த்து வைத்து ராத்திரியே கணக்கு முடிப்பார்கள். ஊர்க் கூட்டத்தில் தயங்காமல் எழுந்து பேசுவது பெரும்பாலும் வரலாறு எடுத்த பிள்ளைகள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே நிற்கும் செடிகொடியில் பாதிக்குப் பேர் தெரியும். கடுக்காயை எப்போது பொறுக்க வேண்டும், எப்படிக் காய வைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லும்போது, தாவரவியல் நோட்டோடு வந்த பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். அந்த ஏழு நாளில் யார் எந்த குரூப் என்பதை எல்லோரும் மறந்துபோவார்கள். வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண்ணை நூறு பேருக்குப் பந்தி பரிமாறும் இடத்தில் நிறுத்திப் பார், அவள் என்ன ஆள் என்று அப்போது தெரியும். அவளுக்கே அன்றுதான் தெரியும்.

மலைப்பிள்ளைகள் முதல் சில மாதம் ஒதுங்கித்தான் உட்காருவார்கள். நீயே போய்ப் பேசு. அவர்கள் பேச்சைக் கிண்டல் செய்கிற கூட்டத்தோடு மட்டும் நிற்காதே.

எல்லாவற்றிலும் பேர் கொடுத்துவிடாதே. ஒரு மன்றம், ஒரு விளையாட்டு, அவ்வளவு போதும். எடுத்ததை இரண்டு வருஷமும் விடாமல் செய். செயலாளர் பொறுப்பு கொடுத்தால் வாங்கிக்கொள். கூட்டக் குறிப்பேடு எழுதுவது, விருந்தினரை அழைப்பது, மைக்செட் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பது எல்லாம் உனக்குப் படிப்புதான். கட்டுரைப் போட்டிக்கு யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு போய் நிற்காதே. மூன்றாம் பரிசுகூடக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நீயே எழுது.

பெண் பிள்ளை சாயங்காலம் பள்ளியில் தங்கினால் கடைசி பஸ் போய்விடுமே என்று உன் அம்மா கவலைப்படுவாள். நியாயமான கவலைதான். ஒத்திகை, போட்டி உள்ள நாட்களில் நம் வீட்டில் தங்கிக்கொள், பெரியம்மாவிடம் பேசிவிட்டேன். உன் அப்பாவிடமும் நானே சொல்கிறேன்.

விண்ணப்பம் கொடுக்கும் நாளில் டி.சி., மதிப்பெண் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு வா. பத்து மணிக்குப் பள்ளி வாசலில் இருப்பேன். ஃபாரம் நிரப்பும் முன் நீ நினைத்திருக்கும் குரூப்புக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, செய்முறை வகுப்பு வாரம் தவறாமல் நடக்கிறதா என்று அங்கே படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளிடம் நீயே விசாரி. பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் தள்ளியே நிற்கிறேன். கேட்டுக்கொண்டு வந்து சொல். அப்புறம் ஃபாரம் நிரப்பலாம்.

அன்புடன்,
பெரியப்பா