பச்சை விளக்கை நம்பாதீர்கள், ஆவியைப் பாருங்கள்

ஆசையாக வாங்கிய வாஃபிள் மேக்கர் பல வீடுகளில் சீக்கிரமே பரணுக்குப் போய்விடுகிறது. கடையில் சாப்பிட்டபோது மொறுமொறுவென்று இருந்தது, வீட்டில் சுட்டால் தொய்ந்து போகிறது என்பதுதான் எல்லோருடைய குறையும். கருவி மட்டம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் குற்றமில்லை. வாய்வழியாகவும் வீடியோ வழியாகவும் பரவிக் கிடக்கும் நம்பிக்கைகளில்தான் கோளாறு.

முதல் நம்பிக்கை, பச்சை விளக்கு எரிந்தால் வாஃபிள் வெந்துவிட்டது என்பது. பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் அந்த விளக்கு தெர்மோஸ்டாட்டோடு இணைந்தது. தகடு குறித்த சூட்டை எட்டிவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. உள்ளே மாவு எந்த நிலையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பார்க்க வேண்டியது ஆவியை. மாவை ஊற்றி மூடியதும் ஓரங்களிலிருந்து ஆவி குபுகுபுவென்று வெளியேறும். அப்படி வரும்வரை மாவில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் இருக்கும் இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வாசனையும் வர ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஆகவே ஆவி அடங்கி மெல்லிய இழையாகக் குறைந்த பிறகுதான் மேல்தோல் சிவக்கத் தொடங்குகிறது. அதற்குள் அவசரப்பட்டுத் திறந்தால் பாதி மேல்தகட்டிலும் பாதி கீழ்த்தகட்டிலும் ஒட்டிக்கொண்டு நடுவே கிழியும். மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். பிடித்து இழுத்தால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். வெந்த வாஃபிள் தானாகவே தகட்டை விட்டுவிடும்.

இவ்வளவு பொறுமையாகச் சுட்டதை எடுத்து, சூடு ஆறக் கூடாது என்று தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு மூடியும் போடுவார்கள். ஹாட்பாக்ஸில் வைப்பவர்களும் உண்டு. அக்கறையோடு செய்யும் இந்தக் காரியம்தான் மொறுமொறுப்பைக் கெடுக்கிறது. வெளியே எடுத்த பிறகும் வாஃபிளின் உள்ளிருந்து ஆவி வந்துகொண்டேதான் இருக்கும். போக வழியில்லாவிட்டால் அது தோலிலேயே நீராகப் படிந்து ஊறிவிடும். கம்பித் தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி வையுங்கள், அடியிலும் காற்றோட்டம் கிடைக்கும். எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டுமென்றால், 100 டிகிரிக்குச் சற்றுக் குறைவான சூட்டில் ஓவனுக்குள் அதே கம்பித் தட்டோடு வைக்கலாம்.

பான்கேக் மாவும் வாஃபிள் மாவும் ஒன்றுதான் என்பது அடுத்த நம்பிக்கை. பான்கேக் மாவை ஊற்றினால் ஏதோ ஒன்று வரும், ஆனால் அது மெத்தென்றுதான் இருக்கும். வாஃபிள் மாவுக்குக் கொழுப்பு கூடுதலாக வேண்டும். தோல் மொறுமொறுப்பாவதற்கும், தகட்டிலிருந்து சுலபமாக விடுவதற்கும் அதுதான் காரணம். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பல்லாதது, அந்தப் பங்கில் பெரும்பகுதி தண்ணீர்; அது மொறுமொறுப்புக்கு ஆகாது. அதனால் ருசிக்கு வெண்ணெய், மொறுமொறுப்புக்கு எண்ணெய் என்று இரண்டையும் கலந்து சேர்ப்பதே என் வழக்கம். மைதாவில் ஒரு சிறு பங்கைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் கார்ன்ஃபிளவர் சேர்த்தால் நல்ல வித்தியாசம் தெரியும். அதில் குளூட்டன் கிடையாது, தோல் மெலிதாக உடையும். முட்டையின் வெள்ளையைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் மெல்லக் கலந்தால் உள்ளே லேசாக இருக்கும்.

மாவைக் கட்டியில்லாமல் அடிக்க வேண்டும் என்று கை வலிக்க அடிப்பதும் வேண்டாத வேலை. அடிக்க அடிக்கக் குளூட்டன் இறுகி வாஃபிள் ரப்பர்போல ஆகிவிடும். உலர் மாவு கண்ணில் படாத அளவுக்குக் கலந்தால் போதும். சின்னச் சின்னக் கட்டிகள் வேகும்போது கரைந்துவிடும்.

ஒட்டாமல் இருக்க ஸ்பிரே எண்ணெய் அடிப்பது, நான்-ஸ்டிக் தகட்டுக்கு நாமே வைக்கும் உலை. பல ஸ்பிரேக்களில் லெசித்தின் இருக்கிறது. சூட்டில் அது பிசுபிசுப்பான படலமாகத் தங்கி, நாளடைவில் ஒட்டாத தகட்டையே ஒட்டும் தகடாக்கிவிடும். சாதாரண எண்ணெயைப் பிரஷ்ஷால் மெல்லத் தடவினால் போதும். பழைய வார்ப்பிரும்பு அச்சு கையில் கிடைத்தால் அது பெரிய பேறு. தோசைக்கல்லைப் பழக்குவதுபோலப் பழக்கிக்கொள்ளலாம்.

பெல்ஜியன் வாஃபிள் என்று ஒன்று இருப்பதாகவும், ஆழமான குழி இருந்தால் அதுதான் என்றும் நம்பிக்கொண்டிருக்கிறோம். பெல்ஜியத்திலேயே பல வகை உண்டு. பிரசல்ஸ் வாஃபிள் ஊற்றும் பதத்து மாவில் செய்வது, செவ்வகமானது, காற்றுப்போல லேசானது. லியேஜ் வாஃபிள் ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு. அதில் பேர்ல் சுகர் என்னும் கெட்டியான சர்க்கரைத் துணுக்குகள் கிடக்கும், தகட்டில் பட்டு உருகித் தோலில் கேரமலாகும். அமெரிக்காவில் பெல்ஜியன் வாஃபிள் மோகத்தைக் கிளப்பியது 1964இல் நடந்த நியூயார்க் உலகக் கண்காட்சி. பிரசல்ஸிலிருந்து வந்த மொரீஸ் வெர்மெர்ஷ் அங்கே ஸ்ட்ராபெரியும் கிரீமும் வைத்து வாஃபிள் விற்றார். அமெரிக்கர்களுக்குப் பிரசல்ஸ் என்ற பெயர் அவ்வளவு பழக்கமில்லை என்பதால் நாட்டின் பெயரை முன்னால் வைத்தார். இன்று அந்தப் பெயரில் விற்கும் பல மாவுப் பொட்டலங்களில் ஈஸ்ட்டுக்குப் பதில் பேக்கிங் பவுடர்தான் இருக்கிறது. இன்னொரு தவறான பேச்சு, வாஃபிள் அச்சே அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்பது. அமெரிக்கரான கார்னிலியஸ் ஸ்வார்ட்வவுட் 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை பெற்றது அடுப்பின்மேல் வைத்துத் திருப்பும் அச்சின் மேம்பட்ட வடிவத்துக்கு மட்டுமே. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1559இல் பீட்டர் ப்ரூகல் தீட்டிய திருவிழா ஓவியத்தில் ஒரு பெண் நெருப்பருகே உட்கார்ந்து வாஃபிள் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

மீந்த வாஃபிள் மறுநாளுக்கு ஆகாது என்று குப்பையில் போடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. முழுதாக ஆறவிட்டு, காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது உறைந்த நிலையிலேயே டோஸ்டரில் போடுங்கள். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம். அது உள்ளிருக்கும் ஈரத்தைத் தோலுக்குத் தள்ளிவிடும், டோஸ்டர் அந்த ஈரத்தை வெளியேற்றிவிடும்.