ஆற்றுப்படுத்துபவர் எங்கே கற்றார்?



வீட்டில் ஒருவருக்குக் கை முறிந்துவிட்டால் அவரை யாரிடம் கொண்டு செல்வீர்கள்? ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வீர்கள். அல்லது முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் போவீர்கள். பரியாரியார் என்றாலும், அவர் தகப்பனிடமோ குருவிடமோ முறைப்படி கற்றவர்தானா என்று ஊரில் நாலு பேரிடம் விசாரித்த பின்னரே கையை நீட்டச் சொல்வீர்கள். ஆனால் அதே வீட்டில் மகன் சாராயத்துக்கோ தூளுக்கோ ஐசுக்கோ அடிமைப்பட்டுவிட்டால் இந்த விசாரணை நடப்பதில்லை. "நல்லாகக் கவுன்சிலிங் செய்வாராம்" என்று எவரோ சொன்ன ஒருவரிடம் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை ஒப்படைத்துவிடுகிறோம். அவர் எங்கே கற்றார், எதைக் கற்றார், எத்தனை காலம் கற்றார் என்று கேட்க நமக்கு நா எழுவதில்லை. வெட்கம் வாயை அடைத்துவிடுகிறது.

இந்தக் கேள்வியை இப்போது சில நாடுகளில் அரசாங்கங்களே கேட்கத் தொடங்கியுள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2022ஆம் ஆண்டில் இது குறித்து ஒரு சட்டம் இயற்றியது. போதைக்கு அடிமையானோரை ஆற்றுப்படுத்த விரும்புவோர், அரசு வரையறுக்கும் அடிப்படைப் பாடங்களைத் தொழிலின் தொடக்கத்திலேயே கற்றாக வேண்டும் என்பது அதன் சாரம். முன்னர் அங்கே பெயரைப் பதிந்துகொண்டு வேலையை ஆரம்பித்துவிடலாம். முழுச் சான்றிதழ் பெறுவதற்கு 5 ஆண்டுகள் வரை தவணை உண்டு. அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் கையில் எத்தனை பேருடைய மக்கள் அகப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தொழிலுக்கு நம்மிடையே பெயர்கள் பல. அரச அலுவலகங்களில் உளவளத்துணை என்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் சீர்மியம் என்பர். ஆற்றுப்படுத்தல் என்பதும் வழக்கில் உண்டு. வீதியில் கேட்டால் கவுன்சிலிங்தான். பெயர் எதுவாயினும் இருக்கட்டும். கற்க வேண்டிய பாடம் என்ன என்பதையே இன்று பார்ப்போம்.

நல்ல மனம் போதாதா?

"அன்பும் பொறுமையும் உள்ளவர் போதாதா? படிப்பு எதற்கு?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன். சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் தம் இளங்கணவரைக் குடியினால் இழந்தார். வசதி படைத்த, பேர்பெற்ற குடும்பம். இந்நோயின் கொடுமையை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அந்தத் துயரத்தை மட்டும் மூலதனமாக வைத்து அவர் நிலையம் திறந்துவிடவில்லை. அமெரிக்கா சென்று இத்துறையில் பயிற்சி பெற்றார். 1980ஆம் ஆண்டில் கணவரின் பெயரால் அவர் நிறுவிய நிலையமே இன்று டி.டி.கே. வைத்தியசாலை என வழங்குகிறது. இந்திய அரசு 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. நோயாளருக்குச் சிகிச்சை அளித்ததோடு பிற ஆற்றுப்படுத்துநரைப் பயிற்றுவிக்கும் பள்ளியாகவும் அந்நிலையம் வளர்ந்தது.

நம் கரையோரத்துக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. 2004 மார்கழி 26இல் கடல் எழுந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான். அதற்குப் பின் வந்த மாதங்களில் கல்முனை தொடங்கித் திருக்கோவில் வரை எத்தனை வாகனங்கள், எத்தனை கவுன்சிலர்கள்! இரண்டு நாட் கருத்தரங்கு, கழுத்தில் ஓர் அடையாள அட்டை, கையில் ஒரு படிவம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் ஒருவர் பின் ஒருவராக வந்து அதே கதையைச் சொல்லவைத்து, அழவைத்து, எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களிலே கெட்ட மனம் கொண்டவர்கள் என்று எவரையும் சொல்ல முடியாது. ஆயினும் திறந்த புண்ணை எப்படி மூடுவது என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

போதை விடயத்தில் இந்த அறியாமை உயிரையே கொண்டுபோகக்கூடியது. ஒருவர் பல ஆண்டுகளாக நாள்தோறும் சாராயமோ கசிப்போ குடித்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் திடீரென ஓர் அறையில் அடைத்துக் குடியை நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்வை கொட்டும். இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த இரண்டொரு நாளில் சிலர் சுவரிலே இல்லாத பூச்சிகளைக் காண்பர், இல்லாத குரல்களோடு பேசுவர், உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். பார்ப்பவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க ஓடுவார்கள். உண்மையில் மதுவுக்குப் பழகிப்போன நரம்பு மண்டலம் அது இல்லாமற் போனதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழுகிறது. வைத்தியசாலையில் உரிய மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துக் கவனித்தால் பிழைப்பார். பூட்டிய அறையில் இறந்தும் போவார். ஆகவே முறையாகக் கற்ற ஆற்றுப்படுத்துநர் இத்தகையவரைக் கண்டதும் உபதேசம் தொடங்கமாட்டார். முதலில் வைத்தியரிடம் அனுப்பிவைப்பார்.

ஞான ஒடுக்கத்தின் முடிவில் சிலுவையைத் தொட்டு "இனிக் குடிப்பதில்லை" என்று சத்தியம் பண்ணுகிறவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். அந்தச் சத்தியம் உயர்ந்தது. ஆனால் மூன்றாம் நாள் அவர் கை நடுங்கினால் அதை விசுவாசக் குறைவு என்று ஏசாதீர்கள். அவருக்கு அப்போது தேவை வைத்தியம்.

தூளின் ஆபத்து வேறு வகையானது. அதை நிறுத்தும்போது வரும் வேதனை கடுமையானது என்றாலும், பெரும்பாலும் உயிரைக் கொல்வதில்லை. பெரிய கண்டம் பிறகு வருகிறது. சில மாதங்கள் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். "சுகமாகிவிட்டான்" என்று வீடு வந்தவன் ஒரு பலவீனமான மாலையில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை அவனுக்கும் வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது ஆற்றுப்படுத்துநரின் கடமை. ஐஸ் என்பதோ நித்திரையைக் கெடுத்து, எல்லோரும் தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகத்தை மூட்டி, விட்டபின் ஆழ்ந்த சோர்வையும் சில வேளைகளில் தற்கொலை எண்ணத்தையும் தரும். மூன்றுக்கும் ஒரே மருந்து, ஒரே பிரசங்கம் என்று நடத்துகிறவர் கல்லாதவர் என்று கொள்ளலாம்.

அப்படியானால் என்னதான் கற்பிக்கிறார்கள்? கொழும்பிலேயே தலைமையகத்தைக் கொண்ட கொழும்புத் திட்ட அமைப்பு 1973ஆம் ஆண்டில் போதைப்பொருள் ஆலோசனைத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. அதன் வழியாக வந்து இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படும் சிகிச்சைப் பாடத்திட்டத்தின் அடிப்படைப் படியில் 8 பாடநெறிகள் உள்ளன. போதை உடம்பையும் மூளையையும் என்ன செய்கிறது என்பதில் தொடங்கி, கூடவே வரும் மனநோய்களை இனங்காணல், ஆளைச் சோதித்தறிந்து சிகிச்சையைத் திட்டமிட்டு எழுதிவைத்தல், நெருக்கடி வேளையில் நடந்துகொள்ளும் முறை என்று போய், தொழில் ஒழுக்கத்தில் முடிகிறது. நடுவிலே பேச்சுக்கலைக்கும் ஒரு பாடம் உண்டு.

அந்தப் பேச்சுக்கலையைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் பெற்றோர் மிகவும் தவறாக விளங்கிக்கொள்வது இதைத்தான். ஆற்றுப்படுத்துநர் மகனுக்கு "நல்லாக நாலு வார்த்தை" சொல்வார் என்று எதிர்பார்த்துக் கதவுக்கு வெளியே காத்திருக்கிறோம். உள்ளே அவரோ, "தம்பி, இதால உங்களுக்குக் கிடைக்கிற நல்லது என்ன?" என்று கேட்கிறார். தகப்பனுக்கு ஆத்திரம் பொங்கும்! ஆனால் பொறுங்கள். "நித்திரை வரும், கடன்காரர்ர முகம் மறக்கும்" என்று அவன் சொல்லுகிறான். "சரி, இதால இல்லாமற் போனது?" நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு, "மகள் என்னோட கதைக்கிறதில்ல." அந்த ஒரு வசனத்தை அவன் வாயாலேயே வரவழைப்பதற்குத்தான் படிப்பு. வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1983இல் இம்முறையை எழுதி விளக்கினார். வாதாடினால் அவன் குடியின் பக்கம் நின்று வாதாடுவான். கேட்டால் தன் பக்கம் நின்று பேசுவான் என்பதே அதன் நுட்பம். கேட்பதற்கு எளிதாயிருக்கிறது. பழகிப் பார்த்தவர்களுக்கே அதன் கடினம் தெரியும்.

இரகசியம் காப்பதும் ஒரு பாடம். அக்கரைப்பற்று போன்ற ஊரிலே ஒரு கதை சாகாமம் வீதியைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? நமக்குப் பாவசங்கீர்த்தன இரகசியம் என்றால் என்னவென்று தெரியும். குருவானவர் எக்காரணத்துக்காகவும் அதை உடைக்கமாட்டார். ஆற்றுப்படுத்துநரின் இரகசியம் அத்தகையது அன்று. ஓர் உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்று கண்டால் அவர் உரியவர்களுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். எந்த எல்லை வரை காப்பேன் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவார். சொல்லாதவரிடம் நீங்களே கேளுங்கள்.

தானே மீண்டவர்

குடியிலிருந்து தாமே மீண்ட ஒருவர் பிறருக்கு உதவலாமா என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். கட்டாயம் உதவலாம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தோன்றிய மது அடிமைகள் சகாய சங்கமே அப்படிப்பட்ட இருவரால் ஆனது. அவர்களில் ஒருவரான வைத்தியர் பொப் ஸ்மித்தோடு சேர்ந்து, 1939இல் புனித தோமையார் வைத்தியசாலையின் அனுமதிப் பிரிவில் இருந்த இஞ்ஞாசியா என்னும் கன்னியாஸ்திரி, குடிநோயாளரையும் நோயாளராகவே கட்டிலில் சேர்க்கத் தொடங்கினார். அவர் முன்பு இசை கற்பித்தவர். சான்றிதழ் என்று அந்நாளில் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: பக்கத்திலே வைத்தியர் ஒருவர் இருந்தார், கட்டில் வைத்தியசாலையில் இருந்தது. மீண்டவருக்கு மற்றவரின் வலி தெரியும். ஆனால் தாம் மீண்ட வழி ஒன்றே வழி என்று நினைக்கும் சோதனையும் அவருக்குத்தான் அதிகம். கல்வித் தகைமை என்ற பெயரில் இவர்களைக் கதவடைத்து விரட்டுவது அநியாயம். அவர்கள் கற்கத்தக்க இலகுவான மொழியில் பாடம் அமைப்பதே முறை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1984ஆம் ஆண்டில், 13ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருட் குற்றங்களுக்கான தண்டனையை மரணம் வரை உயர்த்தியது. அதே ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை நிறுவியது. 2022இல் ஐசும் மரணதண்டனைக்குரிய பொருட்களுடன் சேர்க்கப்பட்டது. சிகிச்சை பற்றிய சட்டம் 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம். போதைப்பொருளுக்கு அடிமையானோருக்குச் சிகிச்சை நிலையம் நடத்துவோர் சபையிடம் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்பதும், வைத்தியரின் அறிக்கையின் மேல் நீதவான் கட்டாய சிகிச்சைக்கு உத்தரவிடலாம் என்பதும் அதில் உள்ளன. ஆக, நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் கேட்கச் சட்டம் இருக்கிறது. அதனுள்ளே மகனோடு உட்கார்ந்து பேசப் போகிறவரின் கல்வியைப் பற்றிக் கேட்பதோ பெரும்பாலும் நம் தலையில் விடப்பட்டுள்ளது.

கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் போதும், ஆற்றுப்படுத்தல் எதற்கு என்று சொல்வாரும் உளர். பொலனறுவையிலுள்ள கந்தக்காடு நிலையத்தில் 2022 ஆனியில் ஒருவர் இறந்ததையடுத்துக் குழப்பம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியது நினைவிருக்கும். அதற்கும் முன்னரே, 2012இல், ஐக்கிய நாடுகள் அமைப்பின் 12 நிறுவனங்கள் கூட்டாக அறிக்கை விட்டு, போதை அடிமைகளைக் கட்டாயமாக அடைத்துவைக்கும் முகாம்களை மூடுமாறு அரசுகளைக் கேட்டிருந்தன.

கேட்க வேண்டியவை

ஒரு நிலையத்துக்குப் பிள்ளையைக் கொண்டு செல்லும் முன் சபையின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். யார் பேசப்போகிறார், எங்கே கற்றார், வைத்தியர் வந்து பார்ப்பாரா, குடும்பத்தவர் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். அடிப்போம், கட்டிவைப்போம் என்று பெருமையாகச் சொன்னால் அப்போதே திரும்பி வந்துவிடுங்கள். ஆற்றுப்படுத்துநர் எந்த மதத்தவர் என்று மட்டும் தடுமாற வேண்டாம். நம் ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவே. நன்கு கற்ற ஒரு முஸ்லிம் சகோதரி நம் பிள்ளையோடு பேசினால் அது நமக்குக் கிடைத்த பாக்கியம்.

மொழியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சபை நடத்திவந்த வதிவிட நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, ஊராபொல என்று தூரத்தே அமைந்தவை. "மகள் என்னோட கதைக்கிறதில்ல" என்ற வசனத்தை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல முடியாது. ஆகவே உயர்தரம் முடித்துவிட்டு என்ன படிப்பதென்று தெரியாமல் வீட்டிலிருக்கும் உங்கள் மகளுக்கோ மகனுக்கோ இத்துறையும் ஒன்று உண்டென்று சொல்லி வையுங்கள். தமிழில் பேசும் கற்ற ஆற்றுப்படுத்துநர் இக்கரையோரத்துக்கு மிகவும் தேவை.

அவசரமென்றால் முதலில் ஆதார வைத்தியசாலைக்குப் போய் மனநலச் சிகிச்சை பற்றி விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் எந்த நாட்களில் இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு வேளையில் யோசனை கேட்க ஒருவரும் இல்லையென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம். வலிப்போ பிதற்றலோ கண்டால் தொலைபேசியிலும் நேரத்தைப் போக்காமல் ஆளை வாகனத்தில் ஏற்றுங்கள்.