குடும்ப ஆலோசகர் யார் பக்கம்?



முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில் பாதைப் பராமரிப்பில் கழித்தவன் நான். மனநல இயலில் எனக்குப் பட்டம் கிடையாது. என் வீட்டில் நேர்ந்த ஒன்றுதான் இந்தப் பாடத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

என் மகன் நாக்பூரில் பிறந்து வளர்ந்தவன். இந்தி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மருமகள் திருச்சிப் பெண். மணமாகி இரண்டே ஆண்டில் பிரிந்துவிடலாம் என்கிற அளவுக்கு மனக்கசப்பு முற்றியது. இருவரும் ஒரு குடும்ப ஆலோசகரிடம் போனார்கள். அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. மருமகள் சொன்னதையெல்லாம் மகனே இந்தியில் எடுத்துச் சொன்னான். மூன்றாம் முறை அவள் வர மறுத்துவிட்டாள். "அங்கே அவருக்குப் பேச ஆள் இருக்கிறது மாமா, எனக்கு யார்?" என்றாள்.

1979ல் எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையிலான உறவை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். எதை அடைய வேண்டும் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, ஒருவர்மீது ஒருவருக்குள்ள நம்பிக்கைப் பிணைப்பு.

தம்பதியாக வரும்போது கணக்கு மாறுகிறது. 1986ல் வில்லியம் பின்சாஃபும் டொனால்ட் கேத்தராலும் இந்த உறவை அளக்கத் தனி அளவுகோல்கள் அமைத்தனர். ஆலோசகருக்கும் எனக்கும் உள்ள உறவு, அவருக்கும் என் துணைக்கும் உள்ள உறவு, அவருக்கும் எங்கள் இருவருக்கும் சேர்ந்து உள்ள உறவு என மூன்றையும் பார்க்க வேண்டும் என்றனர். ஒருவரிடம் வலுவாகவும் மற்றவரிடம் தளர்வாகவும் இருந்தால் அது பிளவுபட்ட உறவு. எங்கள் வீட்டில் நேர்ந்தது அதுதான்.

அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1676 மில்லிமீட்டர். அதைக் காப்பது அடியிலுள்ள ஸ்லீப்பர் கட்டை. ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் இடைவெளி விரியும், வண்டி தடம் புரளும். இரு பக்கமும் பிடிப்பு வேண்டும். இவான் போசோர்மெனி நாகி என்ற அறிஞரும் இதையே சொன்னார்: ஆலோசகர் ஒதுங்கி நிற்கும் நடுவர் அல்லர், ஒவ்வொருவர் பக்கமும் முறையாக நின்று பார்ப்பவர்.

நானே மொழிபெயர்க்கிறேன் என்று அந்த அம்மையாரிடம் தொலைபேசியில் சொன்னேன். மரியாதையாக மறுத்தார். நான் பையனின் தகப்பன் அல்லவா! நான் சொல்லும் எதையும் அவர்களிடம் மறைக்க மாட்டேன் என்றும் சொன்னார். முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு அது சரியென்று புரிந்தது.

அடுத்த முறை மருமகளிடம், "உங்களை நான் சரியாகக் கேட்கவில்லை" என்று அவரே ஒப்புக்கொண்டார். அன்று அவளை முதலில் பேசச் செய்து, மெதுவான ஆங்கிலத்தில் தாமே கேட்டுக்கொண்டார். மகன் வாய்மூடி இருந்தான். அன்றுதான் அவள் அழுதாள், அவனும் கேட்டான்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. இருவருக்கும் புரியும் மொழியில் பேசும் ஆலோசகரைத் தேடுங்கள். கணவனோ மனைவியோ மொழிபெயர்ப்பாளராக வேண்டாம்.

2. "என் பேச்சு எடுபடவில்லை" என்று தோன்றினால் ஆலோசகரிடமே சொல்லுங்கள். நல்லவர் கோபிக்க மாட்டார்.

3. அடி உதை இருக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பது ஆபத்து. முதலில் பாதுகாப்பு.

4. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் (14416) தமிழிலும் பேசலாம்.

என் வீட்டில் இன்றும் சண்டை உண்டு. ஆனால் யாரும் பெட்டி கட்டுவதில்லை.